மிதிப்பவர் மூச்சின் அளவு



நெளுக்குளத்திலிருந்து மன்னார் வீதி வழியே, சோளகக் காற்றை எதிர்த்துத் துவிச்சக்கர வண்டி மிதித்தவர்களுக்கு மூச்சு வாங்குவது இன்னதென்று எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த மூச்சை அளக்க இயலுமா, அளந்தால் நெடுந்தூரப் போட்டிக்கு ஆயத்தமாகும் இளைஞனுக்குப் பயன் உண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை ஒழுங்காக ஆராய்ந்த முன்னோடி ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியல் அறிஞர். 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மான்செஸ்டர் நகரில், முதுகிலே பெரியதொரு காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு, தாமே புற்றரையைச் சுற்றி ஓடினார். வெளிவிட்ட மூச்சு அப்பையில் சேர்ந்தது. வேகம் கூடக் கூட உடல் ஏற்கும் ஒட்சிசனும் கூடியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றர் ஆனதும் நின்றுவிட்டது. அதற்குமேல் விரைந்தும் கூடவில்லை. இம்முடிவு 1923இல் வெளியாயிற்று.

இந்த எல்லையை வகுப்பது எது? அகன்ற மார்பைக் கண்டால் நாம் வியக்கிறோம். ஆனால் சுகதேகிகளிடம் பெரும்பாலும் தடையாய் நிற்பது சுவாசப்பை அன்று, இருதயம். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தம் அனுப்பும் அது, கடும் உழைப்பில் 20 லீற்றர் வரை அனுப்பும்; தேர்ந்த வீரரிடத்து 30ஐயும் தாண்டும். மார்பை அளக்கும் நாடாவுக்கு இது எங்ஙனம் தெரியும்?

நிமிடத்துக்கு 3 லீற்றர் ஏற்பவன் 60 கிலோ நிறையுள்ளவனாயின், கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். 75 கிலோவாயின் 40தான். மலைநாட்டு ஏற்றத்துக்கு இக்கணக்குப் பொருந்தும். வன்னிச் சமவெளியிலோ எதிர்ப்பது உடற்பாரத்தைவிடக் காற்றே. அங்கே மொத்த லீற்றருக்கே மதிப்பு அதிகம். இவ்வெண்ணைக் காட்டிச் சற்றுப் பருத்த பையனை அணியிலிருந்து ஒதுக்குவது அநியாயம் என்பேன். மேலும், உச்சம் ஒத்த இருவருள் ஒருவன் அதில் ஐந்தில் நான்கு பங்கை ஒரு மணி நேரம் தாங்குவான். மற்றவன் மூன்று பங்கிலேயே தளர்வான்.

ஆய்வுகூடம் இல்லாதவர் என் செய்வது? உச்சம்வரை வருத்தாமல், தெரிந்த சுமையில் நிதானமாக மிதிக்கும்போது நாடியை எண்ணியே உச்சத்தை மதிப்பிடும் முறையைச் சுவீடனில் ஒஸ்ட்ராண்டும் றீமிங்கும் 1954இல் வகுத்தனர். அதற்குச் சுமை காட்டும் நிலைவண்டி வேண்டும். அதுவும் இல்லையேல், காற்றெழுமுன் விடியற்காலையில், அதே வண்டியில், அதே 10 கிலோமீற்றரை 25 நிமிடத்தில் மிதித்து, நின்றவுடன் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குக. சென்ற மாதம் 152, இம்மாதம் 144 என்றால் தேர்ச்சி உண்டு. நண்பகலில் எண்ணியதை இதனோடு ஒப்பிடலாகாது; வெயிலில் இரத்தம் தோலுக்கும் பாய வேண்டியிருப்பதாலும், வியர்வையால் நீர் குறைவதாலும், உழைப்புக் கூடாமலே துடிப்புக் கூடும். உறக்கம் கெட்ட மறுநாளும் அப்படியே.

காய்ச்சல் கண்ட நாளில் இச்சோதனை வேண்டாம். மிதிக்கையில் நெஞ்சு நோவோ மயக்கமோ தோன்றினால் எண்ணிக்கையை விட்டு வைத்தியரிடம் செல்லுங்கள்.