வயிறு சொல்வதைக் கேளுங்கள்

(மகளிர் மன்றக் கூட்டத்தில் வட்டார சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் ஆண்களே!

குடும்ப நலக் கூட்டம் என்றால் தடுப்பூசி, பிள்ளைப்பேற்றுக்கு இடையே இடைவெளி, சத்தான உணவு இவற்றைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவேன். இன்று பேச வந்தது வேறு ஒன்று. பெண்களின் சினைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி. "இதெல்லாம் நாலு பேர் முன்னால பேசுற விஷயமா?" என்று சிலர் முகத்தைத் திருப்புவது தெரிகிறது. பேசாமல் இருந்ததன் விலை என்ன என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சினைப்பை என்றால் என்ன? கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் ஒவ்வொன்று இருக்கிறது. மாதாமாதம் கருமுட்டை வெளியாவது இங்கிருந்துதான். மாதவிலக்கு நின்ற பிறகு அதன் வேலை ஓய்ந்துவிடும். ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வயதுக்குப் பிறகுதான் வருகிறது. இளவயதிலும் வரலாம். மார்பில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும். இதுவோ அடிவயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது. கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3,24,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 2,07,000 பேர் இதனால் இறந்தார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பு, கர்ப்பப்பை வாய் ஆகிய இரண்டு புற்றுநோய்களுக்கு அடுத்தபடியாக வருவது இதுதான்.

"இது சத்தமே போடாமல் கொல்லும் நோய்" என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் சொல்லி வந்தது. அது சரியல்ல. நோய் பேசிக்கொண்டுதான் இருந்தது, கேட்க ஆள் இல்லை. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர்கள், இந்த நோயால் அடிபட்ட பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும். அவர்களில் சிலரைப் பற்றிச் சொல்கிறேன். நடந்தது அமெரிக்காவில். ஆனால் வயிறு எல்லா ஊரிலும் வயிறுதானே!

கில்டா ராட்னர் என்று ஒரு நகைச்சுவை நடிகை. 1975-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் நாடே அவரை அறிந்திருந்தது. 1984-இல் ஜீன் வைல்டர் என்ற நடிகரை மணந்தார். 1986-இன் தொடக்கத்திலிருந்து அவருக்கு உடம்பு சரியில்லை. ஓயாத அசதி, வயிற்று உப்புசம், தொடையில் வலி. பணத்துக்குக் குறைவில்லை, டாக்டர்களுக்கும் குறைவில்லை. ஒருவர் வைரஸ் காய்ச்சல் என்றார். ஒருவர் மனக்கவலை என்றார். ஒருவர் வயிற்றுக் கோளாறு என்றார். அக்டோபரில்தான் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் நோய் வெகுவாகப் பரவிவிட்டது. அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் செய்தும் 1989 மே 20-ஆம் தேதி, 42 வயதில் இறந்துபோனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் குடும்பத்தில் நெருங்கிய உறவுப் பெண்களுக்கு இதே நோய் வந்திருந்தது. அதைச் சேர்த்து வைத்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

கணவர் ஜீன் வைல்டர் என்ன செய்தார்? துக்கத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் ஸ்டீவன் பைவர் என்ற டாக்டர், ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் வருவதை 1981 முதல் பதிவு செய்து வந்தார். வைல்டர் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்தப் பதிவேட்டுக்கு 1990-இல் கில்டாவின் பெயரையே வைத்தார்கள். 1991-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய், தம் மனைவிக்கு நேர்ந்ததைச் சொன்னார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்" என்பதே பெண்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சேதி.

கில்டாவின் நோய்க்காலத்தில் அவருக்கு மனத்தெம்பு கொடுத்த ஆலோசகர் ஜோவன்னா புல். அவரும் வைல்டரும் நண்பர்களுமாகச் சேர்ந்து கில்டாவின் பெயரில் ஒரு மன்றத்தை அமைத்தார்கள். அதன் முதல் வீடு நியூயார்க் நகரில் 1995-இல் திறக்கப்பட்டது. எந்தப் புற்றுநோய் வந்தவரும், அவர் வீட்டாரும், காசு பணம் கொடுக்காமல் வந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசலாம். 2009-இல் அது இன்னொரு தொண்டு அமைப்போடு இணைந்து பெரிதாயிற்று.

இன்னொருவர் சிண்டி மெலன்சன். இவரே இந்த நோய்க்கு ஆளானவர். தம்மைப் போன்ற பெண்களுக்காக ஒரு செய்திமடல் நடத்தினார். பார்பரா கோஃப் என்ற பெண் டாக்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் மெலன்சனோடு கூட்டுச் சேர்ந்து, நோய் வந்த பெண்களையே கேள்வி கேட்டார்கள். "கண்டுபிடிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா?" 1,725 பெண்கள் பதில் எழுதினார்கள். 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு 95 பேர், "ஆமாம், உடம்பு முன்னாலேயே சொல்லிற்று" என்று எழுதியிருந்தார்கள். சிலரிடம் குடல் கோளாறு என்றும், சிலரிடம் மன அழுத்தம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "சத்தமில்லாத நோய்" என்ற பேச்சு அன்றோடு ஆட்டம் கண்டது.

சரி, உடம்பு என்னதான் சொல்லுகிறது? நான்கு சேதிகள். விரலை மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று: வயிறு உப்புசம். சாப்பிட்டால் உப்பி, பிறகு அடங்குவது அல்ல, அடங்காமல் நிற்பது. ரவிக்கையும் புடவையும் பழையபடி இருக்க, இடுப்பில் பாவாடை நாடா மட்டும் எட்டாமல் போவது.

இரண்டு: நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுவது. சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் போலிருப்பது.

மூன்று: அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, அல்லது ஒரு பாரம்.

நான்கு: அடிக்கடி சிறுநீர் வருவது, வந்தால் அடக்க முடியாமல் அவசரப்படுத்துவது.

"இதெல்லாம் யாருக்குத்தான் இல்லை? கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் எனக்கும்தான் உப்புசம்!" என்பீர்கள். நியாயமான கேள்வி. வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்தத் தொல்லை புதிதாக, ஓராண்டுக்குள் ஆரம்பித்ததா? மாதத்தில் 12 நாளுக்கு மேல் வருகிறதா? அப்படியானால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். பிரிட்டனில் 2011-இல் டாக்டர்களுக்கு வகுத்த நெறிமுறையும் இந்தக் கணக்கைத்தான் சொல்லுகிறது. 50 வயதுக்கு மேல் முதல் தடவையாகக் "குடல் கோளாறு" என்று வருகிறவர்களை இந்த நோய்க்கும் சோதிக்க வேண்டும் என்கிறது.

ஆகவே ஒரு சுலபமான வழி சொல்கிறேன். வீட்டில் நாள்காட்டி மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா? பால் கணக்கு எழுதுகிறீர்கள், கேஸ் சிலிண்டர் வந்த தேதி குறிக்கிறீர்கள். வயிறு தொல்லை கொடுத்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணுங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் அந்தத் தாளையே கிழித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். "கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட, "இந்த மாசம் பதினாலு நாள் டாக்டர்" என்று சொன்னால் அதன் எடையே வேறு. பன்னிரண்டு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வலி கடுமையாக இருந்தாலோ, வயிறு வேகமாகப் பெருத்தாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ உடனே வரவேண்டும்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்லுவார், சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். தேவைப்பட்டால் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். பயந்து நடுங்க வேண்டாம். இந்தத் தொல்லைகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. சினைப்பையில் நீர்க்கட்டி என்றாலும் பெரும்பாலும் அது சாதாரணக் கட்டிதான்.

"அப்படியானால் எல்லாரும் அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் பலரும் நம்பினார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து வந்ததால் இறப்பு குறையவில்லை என்று 2021-இல் தெரிந்தது. ஆகையால் இன்றைக்கு நம் கையில் இருப்பவை இரண்டு: உடம்பு சொல்வதைக் கேட்பது, குடும்ப வரலாற்றைத் தெரிந்துகொள்வது.

குடும்ப வரலாறு என்றால் அம்மா, அக்கா தங்கை, பாட்டி, சித்தி, அத்தை எல்லாரும் சேர்த்திதான். அப்பா வழியையும் விடக்கூடாது. சினைப்பைப் புற்றுநோய் மட்டுமல்ல, மார்புப் புற்றுநோயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டையும் வரவழைக்கக்கூடிய மரபணுக் குறைகளை 1994-லும் 1995-லும் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், தொல்லை வரும்வரை காத்திராமல் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூட்டங்களில் என்னிடம் கேட்கும் சில சந்தேகங்கள்:

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பார்த்தாச்சே, போதாதா?" போதாது. அது மிக அவசியம், தவறாமல் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதில் சினைப்பை நோய் தெரியாது.

"எனக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே?" கர்ப்பப்பையை எடுத்தபோது சினைப்பையை விட்டுவைத்திருக்கலாம். சீட்டை எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதால இது வருமா?" வராது. அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாகவே வருகிறது. அறவே வராது என்று மட்டும் இருந்துவிட வேண்டாம்.

"கத்தி பட்டால் பரவிடும்னு சொல்றாங்களே?" கத்திக்குப் பயந்து காலம் கடத்துவதுதான் ஆபத்து. அறுவை சிகிச்சையும் மருந்தும்தான் இதற்குச் சிகிச்சை. புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவரிடம் செய்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் சினைப்பையோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் பத்தில் மூன்று பேர்.

இனி, முதலில் சொல்வதாகச் சொன்ன விஷயம். எனக்கு ஒரு அக்கா இருந்தார். அம்மாவுக்கு அம்மாவாக என்னை வளர்த்தவர். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, எனக்கு இலை நிறையப் பரிமாறிவிட்டுத் தான் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லடா தம்பி, வாயு" என்றார். ஓமத் தண்ணீர் குடித்தார், இஞ்சிச் சாறு குடித்தார், கடையில் சோடா வாங்கிக் குடித்தார். நான் சுகாதாரம் படித்தவன், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன். "எத்தனை நாளா இருக்கு? அடிவயிறு வலிக்குதா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் தம்பி கேட்கிற கேள்வியா என்று கூச்சம். ஆடி மாதம் வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். அடுத்த பொங்கலுக்கு அக்கா இல்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆறு மாதம் கைநழுவிப் போனது மட்டும் உறுதி.

அதனால்தான் பின்வரிசையில் நிற்கும் ஆண்களையும் இன்று பெயர் சொல்லி அழைத்தேன். வைல்டர் ஒரு கணவர். தம் வீட்டில் நடந்ததை அடுத்த வீட்டில் நடக்காமல் தடுக்க ஊரறியப் பேசினார். நம் மாநிலத்திலும் அப்படி நடந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மாதர் சங்கத்தின் மூலம் அவர் பாடுபட்டுத்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. சொந்தத் துக்கத்தைப் பிறர் காவலாக மாற்றியவர்கள் இவர்கள். நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஒரு கேள்வி கேட்க முடியும்.

2013 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 8-ஆம் தேதியை உலக சினைப்பைப் புற்றுநோய் நாளாகப் பல நாட்டுத் தொண்டு அமைப்புகள் கடைப்பிடித்து வருகின்றன. நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டின்போது உங்கள் அம்மாவையும், அக்காவையும், மனைவியையும், மாமியாரையும் பாருங்கள். தட்டில் சோறு மிச்சமிருந்தால், "ஏன் சாப்பிடல? எத்தனை நாளா இப்படி?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.