வழிகாட்டிக்கும் உண்டு மதிப்பெண்

ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலையே கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி சொன்னது. போதிய சான்று இல்லை என்று 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு நேர்மாறாக வந்தது. கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கியவர்களிடம் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது.

அப்படியானால், இப்படி அறிவுரை சொல்லும் ஒரு மருத்துவ வழிகாட்டி தரமானதா என்று எப்படி அறிவது? அதற்கு 'அக்ரீ 2' என்றொரு அளவுகோல் இருக்கிறது. 23 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சான்றுகளை முறையாகத் தேடினார்களா? நோயாளிகளின் விருப்பத்தைக் கேட்டார்களா? பணம் கொடுத்தவரின் செல்வாக்கு உள்ளே நுழைந்ததா? இவற்றைக் குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் நான்கு பேர், தனித்தனியாக மதிப்பிட வேண்டும்.

நிபுணர் சொல்லுக்கு மரியாதை உண்டு; ஆனால் சான்றுதான் உயிரைக் காக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "இதற்கு என்ன ஆதாரம், டாக்டர்?" என்று பணிவோடு கேளுங்கள். அது உங்கள் உரிமை.