கல்லில் இல்லாத வரி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் பேசி முடித்தபின் கடைசிப் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

செயலாளர் சார் என்னிடம் கேட்டது இதுதான். "டீச்சர், நம்ம பிளாக்குகள்ல நாலஞ்சு வீட்டுல பிள்ளைங்களை இங்கிலாந்துக்கு அனுப்பலாமான்னு யோசிக்கிறாங்க. ரெண்டு வாரம் ஆங்கில இலக்கிய வகுப்பாம். நீங்க போயிட்டு வந்தவங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

போய்விட்டு வந்தவள்தான். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரை அழைத்துச் சென்ற இரண்டு ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அதில் என் பெருமையைப் பேச ஒன்றுமில்லை. நான் படிக்காமலே சொன்ன இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அதில் ஒன்றுக்கு ஒரு அப்பா வட்டி கட்டினார்.

அவர் சிறிய அச்சகம் வைத்திருந்தவர். ஒரே மகள், கெட்டிக்காரப் பெண். விமானக் கட்டணமும் சேர்த்து நான்கு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றதும் என்னிடம் வந்தார். "டீச்சர், இதனால பாப்பாவுக்குப் பிற்காலத்துல பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டார். "ஆக்ஸ்ஃபோர்டு சான்றிதழ் சார், காலேஜ் அட்மிஷனுக்கு நல்லது" என்றேன். நடத்துகிற நிறுவனத்தின் ஆள் பள்ளியில் வந்து அப்படித்தான் பேசியிருந்தார். அதையே நானும் திருப்பிச் சொன்னேன். அவர் வீட்டு நகையை அடகு வைத்தார்.

ஜூலையில் போனோம். முதல் வாரம் ஆக்ஸ்ஃபோர்டு. பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விடுமுறைக்குப் போன பிறகு அங்குள்ள கல்லூரிகளில் பலவும் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடும். அப்படி ஒரு கல்லூரியில்தான் தங்கினோம். காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு. ஆசிரியை ஒருவர் மூன்று மூன்று பிள்ளைகளாக உட்கார வைத்து, முந்தைய நாள் எழுதிய கட்டுரையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். அந்த ஊரில் காலங்காலமாக இருக்கிற பாடமுறையின் சிறிய நகல் அது. எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகக் கொண்டுபோன பெரிய வாக்கியங்களை அடுக்குவார்கள். அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: "நீ சொல்வது இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது, காட்டு." முதல் நாள் இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். மூன்றாவது நாள் எல்லோரும் விரலை வரியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

அந்தக் கேள்வி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டுக்கு ஒரு நாள் போனோம். அப்பா கையுறை செய்கிறவர், அதனால் வீட்டிலேயே பட்டறை. உத்தரம் தாழ்ந்த சின்னச் சின்ன அறைகள். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றில் வால்டர் ஸ்காட் உட்பட அந்தக் காலத்தில் வந்தவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர்களும் சுவரில் பெயர் எழுதுகிற நம் ஆட்களைப் போலத்தான் என்று பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. தோட்டத்தில் தாகூரின் மார்பளவுச் சிலை நிற்கிறது. பிறந்த நாள் ஏப்ரல் 23 என்று நாம் எழுதுகிறோமே, அதற்குப் பதிவு எங்கே என்று ஒரு பையன் கேட்டான். தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26, ஞானஸ்நானம் கொடுத்த நாள். 23 என்பது பின்னால் வந்தவர்களின் கணிப்பு. வருடா வருடம் கரும்பலகையில் 23 என்றே எழுதிப்போட்டவள் நான்.

அது சின்ன விஷயம். அடுத்தது அப்படியல்ல.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜி.யு.போப் அடக்கமாகியிருக்கிறார். நம் மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். 1839இல் சென்னைக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் ஊட்டியிலும் பணி செய்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1900இல் திருவாசகம். அப்போது அவருக்கு வயது 80. "என் கல்லறையில் 'ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதுங்கள்" என்று அவர் கேட்டுக்கொண்டார், அப்படியே எழுதியும் இருக்கிறார்கள் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானும் தமிழ் மன்றக் கூட்டங்களில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன்.

பயணத் திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு மாலை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். வால்டன் தெருவை ஒட்டி, செயின்ட் செபுல்கர் கல்லறைத் தோட்டம். மரங்கள் அடர்ந்த பழைய இடம். தேடிக் கண்டுபிடித்தோம். நான் ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். பிள்ளைகள் குனிந்து படித்தார்கள். அச்சகக்காரர் மகள் விரலால் எழுத்துகளைத் தடவிக்கொண்டே போய் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், அந்த வரி இங்கே இல்லையே."

இல்லைதான். அந்தக் கல்லில் இருப்பது வேறு. தென்னிந்தியாவில் பணியாற்றியவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை நாட்டினார்கள் என்றும் இருக்கிறது.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் சொல்லிக்கொண்டிருந்த கதையைவிட இது எவ்வளவு பெரிய செய்தி! ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கல் வைப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு இருந்திருக்கிறது. கதையையே சொல்லிக்கொண்டிருந்ததில் இந்த உண்மை நம் கண்ணில் படவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதையே படிக்காமல் சொன்னேன் என்றால் வேறு எதையெல்லாம் சொல்லியிருப்பேன் என்று பைக்குள் இருந்த அந்த நிறுவனத்தின் கையேட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் இருந்தது: நிறுவனத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பில்லை, கல்லூரி வளாகம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. சான்றிதழ் கொடுப்பது அந்த நிறுவனம். அட்மிஷனுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அங்கே இலக்கியம் படிக்க விண்ணப்பித்தால் மதிப்பெண்ணையும், பிள்ளை எழுதியதையும், நேர்முகத்தில் அது எப்படி யோசிக்கிறது என்பதையும்தான் பார்ப்பார்கள். கல்லில் இல்லாத வரியை இருக்கிறது என்றேன். தாளில் இருந்த வரியைப் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பிய வாரமே அவர் அச்சகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன் டீச்சர், பரவாயில்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நகையை மீட்க அவருக்கு இரண்டு வருஷம் ஆனது.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் படிக்கக் கற்றுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து வடக்கே கிராஸ்மியருக்குப் போனோம். வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜ் அங்கே இருக்கிறது. நாம் எல்லோரும் பள்ளியில் ஒப்பித்த அந்த டாஃபடில் பூக்களைப் பார்க்கலாம் என்று ஆசையோடு போனால் ஒரு பூ கிடையாது. அது மார்ச், ஏப்ரலில் பூப்பது. நாங்கள் போனது ஜூலை. ஏமாந்த பிள்ளைகளுக்கு வேறொன்று கிடைத்தது. அந்தப் பூக்களைக் கண்டது 1802 ஏப்ரல் 15 அன்று, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில். தேதி எப்படித் தெரியும்? உடன் நடந்த தங்கை டோரதி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். கவிதையிலோ கவிஞர் தன்னந்தனியாக நடக்கிறார்! "அப்ப தங்கச்சி எங்க போனா?" என்று எங்கள் பிள்ளைகள் பஸ் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். தனிமை கவிதைக்குத் தேவைப்பட்டதா, இல்லை தங்கையை மறைத்துவிட்டாரா என்று இரண்டு கட்சி. முப்பது வருஷம் அந்தக் கவிதையை நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் ஒருநாள்கூட அப்படிச் சண்டை நடந்ததில்லை.

கடைசியாக லண்டனில் குளோப் அரங்கம். பழைய குளோப் 1613இல் நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியால் கூரை பற்றி எரிந்துபோனது. இப்போதிருப்பது, சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகரின் முயற்சியால் எழும்பி 1997இல் திறக்கப்பட்டது. அவர் திறப்பு விழாவைப் பார்க்க உயிரோடு இல்லை. நடு முற்றத்துக்குக் கூரை கிடையாது, நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும், குடை பிடிக்கக் கூடாது. உட்கார்ந்து பார்க்கிற இடத்தைவிட டிக்கெட் மிகவும் மலிவு. நம் தெருக்கூத்தில் நிற்கிற மாதிரிதான். தூறல் விழுந்தது. முன்பே நாடகத்தைப் படித்து வந்த பிள்ளைகள் நனைந்துகொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் நின்றார்கள். படிக்காமல் வந்த நான்கு பேர் அரை மணியில் கால் வலிக்கிறது என்று வெளியே போய்விட்டார்கள். கட்டிய பணம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆகவே, அனுப்ப நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

வகுப்பை நடத்துவது யார்? "ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கிறது" என்பதும் "ஆக்ஸ்ஃபோர்டு நடத்துகிறது" என்பதும் ஒன்றல்ல. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் பஸ்? படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் முன்கூட்டியே வருமா? பட்டியல் இல்லை என்றால் அது சுற்றுலாதான். சுற்றுலா என்று தெரிந்தே அனுப்பினால் தப்பில்லை.

இரவில் பிள்ளைகள் இருக்கிற கட்டடத்தில் எந்தப் பெரியவர் தங்குவார்? விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும்? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

அவர்களுடைய கோடை நம்முடைய கோடை அல்ல. அங்கே ஜூலை, ஆகஸ்ட். இங்கே அப்போது பள்ளி மும்முரமாக நடக்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அனுப்பாதீர்கள். பதினொன்றிலும் வருகைப் பதிவைப் பற்றிப் பள்ளியில் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கையில் இருக்கிற பணத்தில் முடியுமானால் அனுப்புங்கள். நகையை வைத்து அனுப்பாதீர்கள். அனுப்ப முடியாத பெற்றோர், பிள்ளைக்கு எதையோ மறுத்துவிட்டோம் என்று வருந்தவும் வேண்டாம். அந்த ஆசிரியை கேட்ட கேள்விக்கு விமான டிக்கெட் தேவையில்லை. அதை நம் வீட்டுக் கூடத்திலும் கேட்கலாம்.

அச்சகக்காரர் மகள் இப்போது பி.காம். முடித்து வேலைக்குப் போகிறாள், இலக்கியம் எடுக்கவில்லை. போன மாதம் போன் செய்தாள். வீட்டுக்கடன் ஒப்பந்தம் ஒன்றை அப்பாவுக்காகப் படித்தாளாம். "ரெண்டு ஷரத்து இடிக்குது டீச்சர், பேங்க்ல போய்க் கேட்டேன், ஒண்ணை மாத்திக் குடுத்தாங்க" என்றாள்.

செயலாளர் சார் அனுமதி கொடுத்துவிட்டார். வரும் சனிக்கிழமையிலிருந்து மாலை ஐந்து மணிக்கு இதே அரங்கில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கப் போகிறேன். ஒரு வாரம் ஆங்கிலம், ஒரு வாரம் தமிழ். கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. நான் தப்பாகச் சொன்னால் "அந்த வரி எங்கே டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைகளாகப் பார்த்து அனுப்புங்கள்.

காபி ஆறியிருந்தால் மன்னிக்கவும்.