கனவில் ஒரு வாத்தியம்



பாம்பன் கரையில் வாழ்வோருக்குக் காற்றின் குரல் புதிதன்று. ஆடியில் வீசும் கச்சானுக்கு ஒரு குரல். மார்கழி வாடைக்கு வேறொரு குரல். பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, இந்தக் காற்றை வாசிக்க ஒரு வாத்தியம் செய்யலாமா?" என்று கேட்டான். அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் திருகுகளும் கம்பிகளும் நிறைந்த பெட்டிகளை வரைந்திருந்தான். "முதலில் மடக்கைக் கணக்கைப் போடு" என்று கடிந்து, அப்பக்கங்களைக் கிழித்தெறிந்தேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சென்ற மாதம் அவன் என்னைக் காண வந்தான். தலை நரைத்திருந்தது, கனவு நரைக்கவில்லை. அவனும் நண்பர்களும் கூடினால் பேச்செல்லாம் சிந்தசைசர் பற்றியே. இன்னும் வாங்காத கருவிக்கு எத்தனை குரல், எத்தனை வடிகட்டி என்று வாதாடுவார்களாம்.

விளக்கும்படி கேட்டேன். மின்சுற்று ஒன்று அலையை எழுப்புகிறது. வடிகட்டி அதைச் செதுக்குகிறது. தனித்தனிப் பெட்டிகளை விருப்பம்போல் கம்பியால் இணைப்பது ஒரு வகை. ஒரே சமயத்தில் பல சுரங்களை ஒலிப்பது மற்றொரு வகை. அதற்குக் குரல்தோறும் தனிச் சுற்று வேண்டும். 1978இல் வந்த புராபெட்-5 கருவிக்கு ஐந்து குரல்கள். 1981இல் வந்த ஜூபிட்டர்-8 கருவிக்கு எட்டு. விலை ஏறியதில் வியப்பென்ன?

கமகத்துக்கு இடம் தராததென்று 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிய அகில இந்திய வானொலி, 1971இல்தான் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இக்கருவியிலோ மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றினால் சுரமும் வழுக்கிச் செல்லும். பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும். வோல்ட் ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட, அதிர்வெண் 200, 400, 800 எனப் பெருகுகிறது. நேயர்களே, இது மடக்கையன்றி வேறென்ன? நான் கிழித்த பக்கங்களில் நான் கற்பித்த கணக்கே இருந்தது!

நம் நாட்டில் இக்கனவு புதிதுமன்று. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் 1972 வரை அதில் புதிய ஒலிகளைத் தேடினர். அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் உறங்கி, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. எவரும் அவற்றைக் குப்பையில் எறியாததால் அன்றோ நாம் இன்று கேட்க முடிகிறது?

விடைபெறும்போது, "காற்றை வாசிக்க முடியுமா, தம்பி?" என்று நான் கேட்டேன். "இரைச்சலை வடிகட்டியில் விட்டுத் திருகைக் கையால் மெல்லத் திருப்பினால் போதும், ஐயா" என்றான். கிழித்ததற்காக வருந்துவதாகச் சொன்னேன். அவன் சிரித்தான்.

ஆசிரிய அன்பர்களே, நோட்டின் கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள். கிழிக்காதீர்கள்.