முகம் கொடுக்கலாமா?

2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. உறுப்புதானம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேச்சானது. இதயம் கொடுக்கலாம். முகம் கொடுக்கலாமா? 2005இல் பிரான்சில், நாய் குதறிய ஒரு பெண்ணுக்கு மூக்கும் உதடும் முகவாயும் பொருத்தினார்கள். உலகில் அதுவே முதல் முறை.

"முகம் சிதைந்தால் உயிரா போகிறது?" என்பார்கள். போகாதுதான். ஆனால் உதடு சேராவிட்டால் காபி வழியும், 'அம்மா' என்றுகூடச் சொல்ல வராது. அதுவும் பெரிய இழப்புதானே? "ஆயுள் முழுக்க மருந்து, தொற்று, புற்றுநோய் அபாயம் உண்டே?" உண்டு. அதை முழுக்கச் சொல்லிவிட்டு, முடிவை நோயாளியிடம் விட வேண்டும். "என் பிள்ளையின் முகத்தோடு இன்னொருவர் நடமாடுவாரா?" மாட்டார். பெறுபவரின் எலும்பில் தோல் படியும்போது சாயல் மாறிவிடும். ஆனாலும் இதயத்துக்குத் தந்த சம்மதம் முகத்துக்கும் சேர்த்தல்ல. தனியாகக் கேளுங்கள், மறுத்தால் மதியுங்கள். கேட்டுப் பெற்ற சம்மதம் இருந்தால், முகமும் கொடுக்கலாம்.