கோயில் மேடையில் ஒலியைச் சீர்படுத்துதல்



தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. தகரக் கூரை போட்ட மண்டபம். பாட்டி ஒருவர் மெல்லிய குரலில் தேவாரம் பாடுகிறார். முன்வரிசைக்கு அப்பால் ஒரு சொல்லும் எட்டவில்லை. மிக்சரில் அமர்ந்திருக்கும் தம்பி ஒலியைக் கூட்டி வைக்கிறார். அடுத்து ஆலயத் தலைவர் வந்து, அதே மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, "பெரியோர்களே!" என்கிறார். பிள்ளைகள் காதைப் பொத்திக் கொள்கிறார்கள். இந்தக் காட்சியைக் காணாதவர் நம்மில் யார்?

இன்று வசூல் பணத்தில் டிஜிட்டல் மிக்சர் வாங்கும் கோயில்களும் உண்டு. அதில் உட்காருபவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான். அந்த மிக்சருக்குள் இருக்கும் இரண்டு கருவிகளைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலாவது, கம்ப்ரஸர். ஒலி ஏறும்போது இறக்கியும், இறங்கும்போது ஏற்றியும், பொத்தானை விட்டு விரலை எடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அந்த விரலின் வேலையைத்தான் இது செய்கிறது. வானொலி நிலையங்களில் 1930-களிலேயே இத்தகைய கருவி வந்துவிட்டது.

டிஜிட்டல் மிக்சரில் 0 என்பதே உச்சம். அதைத் தாண்டினால் ஒலி கிழியும். ஆகையால் கணக்கெல்லாம் மைனஸில் இருக்கும். 'த்ரெஷோல்ட்' என்பது எல்லைக்கோடு. அதை மைனஸ் 20 டெசிபலில் வைக்கிறோம். 'ரேஷியோ' என்பதை 4-க்கு 1 என்று வைக்கிறோம். இப்போது தலைவரின் குரல் மைனஸ் 8-க்கு ஏறுகிறது. அதாவது கோட்டுக்கு மேல் 12 டெசிபல். கம்ப்ரஸர் அந்தப் பன்னிரண்டை நான்கால் வகுத்து 3 மட்டுமே வெளியே விடும். குரல் மைனஸ் 17-இல் நிற்கும். பாட்டியின் குரலோ கோட்டுக்குக் கீழேயே இருப்பதால் அதை இது தொடுவதில்லை.

உயரமானது தணிந்துவிட்டது, இனி எல்லாவற்றையும் சேர்த்துச் சற்று உயர்த்தலாம். பாட்டியும் கேட்பார், தலைவரும் கேட்பார். ஆனால் இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 9 டெசிபல் தணிந்ததே என்று 9 டெசிபலும் கூட்டினால், மின்விசிறியின் இரைச்சலும் கூட்டத்தின் சளசளப்பும் அதே 9 டெசிபல் ஏறும். ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து 'கூ' என்று ஊளையிடும். பேச்சுக்கு 3 முதல் 6 டெசிபல் வரை தணிந்தால் போதும். திரும்பக் கூட்டுவது அதிலும் குறைவாக இருக்கட்டும்.

இன்னும் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒலி கோட்டைத் தாண்டியதும் எவ்வளவு விரைவில் அமுக்குவது என்பது 'அட்டாக்'. அமுக்கிய பிடியை எவ்வளவு நேரத்தில் விடுவது என்பது 'ரிலீஸ்'. பிடியை மிக விரைவாக விட்டால் ஒலி மூச்சு வாங்குவது போலிருக்கும். மிகத் தாமதமாக விட்டால் உரத்த சொல்லுக்கு அடுத்து வரும் சொல் அமுங்கிப் போகும்.

மேளத்துக்கு வருவோம். தவிலில் விழும் அடியின் உயிர் முதல் சில மில்லி வினாடிகளில் இருக்கிறது. அட்டாக்கை 1 மில்லி வினாடியில் வைத்தால் கம்ப்ரஸர் அந்த உயிரையே பிடித்து நெரித்துவிடும். அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல் கேட்கும். 20 அல்லது 30 மில்லி வினாடி கொடுத்தால் அடி முழுமையாக வெளியே வந்தபின் பிடி விழும். பேச்சுக்கு வைத்த கணக்கை அப்படியே மேளத்துக்கும் வைப்பது, நம் அனுபவத்தில், பத்தில் எட்டு இடங்களில் நடக்கும் பிழை.

இரண்டாவது கருவிக்கு 'ட்ரான்சியன்ட் ஷேப்பர்' என்று பெயர். ஜெர்மனியின் எஸ்.பி.எல். நிறுவனம் 1998-இல் இத்தகைய கருவியை வெளியிட்டது. இன்று சில டிஜிட்டல் மிக்சர்களிலும் கணினி மென்பொருள்களிலும் இதே வேலை நடக்கிறது. இதற்கு எல்லைக்கோடு தேவையில்லை. உள்ளே இரண்டு காவலாளிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒருவர் ஒலியின் ஏற்றத்தை உடனே கவனிப்பவர்; மற்றவர் நிதானமாகக் கவனிப்பவர். இருவருடைய கணக்கும் எங்கே வேறுபடுகிறதோ, அங்கே ஓர் அடி விழுந்திருக்கிறது என்று கருவி அறிந்து கொள்ளும். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒன்றுபோலவே அறியும். பின்பு அடியின் முனையைக் கூட்டலாம், குறைக்கலாம்; அடியைத் தொடர்ந்து நீளும் அதிர்வையும் அவ்வாறே செய்யலாம்.

தகரக் கூரைக்குக் கீழே தவில் குழம்பிக் கேட்டால், நீளும் அதிர்வைச் சிறிது குறைத்துப் பாருங்கள், தெளிவு வரும். மண்டபத்தின் எதிரொலியை இது அகற்றிவிடாது. மைக் பிடித்ததை மட்டுமே திருத்தும். உறுமிக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். உறுமியில் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் வளைந்த குச்சியால் உரசும் உறுமல். நீளும் ஒலியைக் குறைத்தால் அந்த உறுமலே போய்விடும்; பிறகு அது உறுமி மேளமாகுமா? கூடுமானால் இரு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வைத்து, அடிக்கும் பக்கத்தை மட்டும் திருத்தலாம்.

அடியின் முனையைக் கூட்டினால் உச்சமும் ஏறும் என்பதை மறக்கலாகாது. கூட்டிய அளவுக்கு அந்த வரிசையின் ஒலியை இறக்கி வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. அமுக்கிய ஒலியில் உச்சம் ஏறாவிட்டாலும் சராசரி ஏறிவிடுகிறது. கிழியும் சத்தம் கேட்காததால் ஆபத்து தெரிவதில்லை. ஸ்பீக்கரின் கம்பிச் சுருளும் ஓய்வின்றிச் சூடேறும். நம் காதும் அப்படித்தான், ஓய்வின்றி உழைக்கும். நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. அது உச்ச எல்லைதான். அந்த அளவில் விடிய விடிய உட்காரலாம் என்று பொருளல்ல. ஸ்பீக்கர் பெட்டியின் முன்னே பாய் விரித்துக் குழந்தைகளைத் தூங்க வைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டே நிறுத்துங்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் மாலை, மண்டபம் காலியாக இருக்கும்போது, பாட்டியையும் தலைவரையும் மேளக்காரர்களையும் ஒரு மணி நேரம் வரச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் அமைத்ததை மிக்சரின் நினைவில் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். மறுநாள் கூட்டம் நிரம்பியதும் ஒலி சற்று மாறும். அப்போது மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போய் நின்று கேளுங்கள்.