கம்பெனிக்கு ஜாதகம் உண்டா?

(அம்பத்தூரில் புதிதாகத் தொழில் துவக்குகிறவர்களிடையே பேசியது)



தொழிலைச் சட்டப்படி பதிவு செய்வதைப் பற்றி இங்கு பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இது ஆடிட்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சுயமரியாதைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

1949-ல் இந்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1960-களில் இங்கு தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையும் ஏற்பட்டன. பெரிய ஆலைகளுக்குத் திருகாணியும் வளையமும் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் பூந்தமல்லி வரையில் தெருத்தெருவாய் முளைத்தன. பிறன் பட்டறையில் பத்து வருஷம் லேத் ஓட்டினவன், சீட்டுப் பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டுச் சொந்தமாய் ஒரு மிஷின் வாங்குகிறான். இதை நாம் பெரிய காரியமாகவே மதிக்கிறோம். அப்பன் தொழிலைத்தான் பிள்ளை செய்ய வேண்டும் என்கிற வருணாசிரமத்துக்கு இதைவிட நல்ல பதில் எது?

ஆனால் மிஷின் வாங்கினவுடன் அவன் செய்கிற காரியம் என்ன? ஜோசியரிடம் போய் நாள் கேட்கிறான். எண் கணக்குக்காரரிடம் போய்ப் பெயர் கேட்கிறான். வாஸ்துக்காரர் சொன்னாரென்று வாசலை இடித்து வேறு பக்கம் வைக்கிறான். புரோகிதரைக் கூப்பிட்டுப் புகை போடுகிறான். நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் சைக்கிளில் வருகிறவனை வழுக்கி விழச் செய்கிறான். இவ்வளவுக்கும் ரொக்கமாய்ப் பணம் கொடுக்கிறான். "அப்பா, பதிவு செய்தாயா?" என்று கேட்டால் மட்டும், "வியாபாரம் சூடு பிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறான்!

இந்த எண் கணக்கினால் வருகிற கெடுதி செலவோடு போவதில்லை. அதிர்ஷ்டத்துக்காகத் தன் பெயரில் இங்கிலீஷ் எழுத்து ஒன்றைக் கூட்டிக் கொள்ளுகிறான். ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், பான் அட்டையில் வேறு விதமாகவும் பெயர் நிற்கிறது. இரண்டும் பொருந்தவில்லையென்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. கம்பெனிப் பதிவாளர் பெயரைப் பார்ப்பதெல்லாம், அது வேறொரு கம்பெனியின் பெயரைப் போலவோ, சட்டம் தடுத்த பெயராகவோ இருக்கிறதா என்பதற்காகத்தான். கூட்டுத்தொகை ஐந்தா எட்டா என்று அவர் கேட்பதில்லை. இராகு காலத்தில் மனு அனுப்பினால் கம்ப்யூட்டர் வேண்டாமென்று சொல்லுவதுமில்லை.

கம்பெனி என்பது என்ன? சட்டம் உண்டாக்கிய ஒரு ஆள். அதன் பெயரால் சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். பதிவுச் சான்றிதழில் அச்சடித்த தேதிதான் அதற்குப் பிறந்த நாள். இந்த ஆளுக்கு ஜாதி இல்லை, கோத்திரம் இல்லை, நட்சத்திரம் இல்லை. 1897-ல் லண்டன் பிரபுக்கள் சபை இந்தத் தத்துவத்தை உறுதி செய்த வழக்கு, சாலமன் என்கிற பூட்ஸ் வியாபாரியின் வழக்கு. கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனியின் கடனுக்குச் சாலமன் சொந்தத்தில் பொறுப்பாளியல்ல என்று தீர்ப்பாயிற்று. தோல் வேலை செய்கிறவனை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டிலும் இன்று அந்தத் தத்துவமே செல்லுகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாங்கிக்காரன் கடன் கொடுக்கும்போது முதலாளியின் சொந்த ஜாமீனையும் கேட்டு வாங்குவான். அதில் கையெழுத்துப் போட்டபின் கம்பெனி வேறு, நான் வேறு என்று சொல்லிப் பயனில்லை.

பதிவில்லாதவன் படும் கஷ்டம் சரக்குக் கொடுத்த பிறகுதான் தெரியும். பெரிய கம்பெனி மூன்று மாதம், ஆறு மாதம் என்று பணத்தை இழுத்தடிக்கிறது. 2006-ம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கோ சேவையோ வாங்கினவர், என்ன ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் பாங்கியின் வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் வட்டிக்கு வட்டி. பணம் வராவிட்டால் அச்சட்டப்படி அமைந்த வசதி மன்றத்தில் முறையிடலாம். இதற்கு வேண்டியது உத்யம் பதிவு. அதைச் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு பதிவு செய்துவிட்டு முந்தின சரக்குக்குப் பலன் கேட்க முடியாதென்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள்.

பணமும் ஜாதியும் உள்ளவனுக்குக் காகிதம் இல்லாவிட்டாலும் மாமன் மச்சான் தயவில் பாக்கி வசூலாகிவிடும். அது இல்லாதவனுக்குக் காகிதம்தான் மாமன்.

காகிதம் இல்லாத நஷ்டம் என்னவென்று நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புரோகிதரில்லாமல் ஆயிரக்கணக்கான திருமணங்கள் நடத்தினோம். 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டு அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1967-ல் அண்ணா மந்திரிசபை சட்டம் செய்த பிறகுதான் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கவலை தீர்ந்தது. சடங்கு வேண்டாமென்றோமே தவிர, சட்டம் வேண்டாமென்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. பெரியாரும் தமது பிரசார நிறுவனத்தை 1952-ல் முறைப்படி பதிவு செய்தார்.

எல்லோரும் கம்பெனி துவக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஒரு லேத் வைத்திருக்கிறவனுக்குத் தனி உரிமையும் உத்யம் பதிவும் போதும். இந்தப் பதிவு 2020 ஜூலை முதல் நடக்கிறது; சர்க்கார் இதற்கு ஒரு காசும் வாங்குவதில்லை. ஆதார் எண்ணும், அதோடு சேர்த்த டெலிபோனும், பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்யலாம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கிற தரகனும் ஒருவகைப் புரோகிதன்தான். ஜி.எஸ்.டி. வேறு விஷயம். நம் மாகாணத்தில் சரக்கு மட்டும் விற்பவருக்கு வருஷத்தில் 40 லட்சம், சேவை செய்பவருக்கு 20 லட்சம் தாண்டினால் கட்டாயம். வெளி மாகாணத்துக்குச் சரக்கு விற்றால் அதற்குக் குறைவிலும் கட்டாயம்.

இரண்டு மூன்று சிநேகிதர்கள் கூடினால் கூட்டு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 1932-ம் வருஷத்துச் சட்டம் பதிவு கட்டாயமென்று சொல்லவில்லை. ஆனால் பதிவில்லாத கூட்டு, பாக்கிக்காரன்மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது என்கிறது. அவன் உங்கள்மேல் போடலாம், நீங்கள் அவன்மேல் போட முடியாது! பெரிய முதலும் பல பங்காளிகளும் வரும்போது பிரைவேட் கம்பெனிக்குப் போங்கள். 15 லட்சம் வரை மூலதனத்துக்கு மத்திய சர்க்கார் பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை. முத்திரைக் கட்டணம் உண்டு. அப்புறம் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் கணக்குத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதம் ஏறிக் கொண்டே போகும். பெயர்ப்பலகையில் லிமிடெட் என்று போட்டுக் கொள்ளும் ஆசைக்காக இந்தச் சுமையை ஏற்றுக் கொள்ளாதீர்கள்.

ஆதித்திராவிட, பழங்குடித் தோழர்கள் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2023-ல் ஏற்படுத்திய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். 35 சதவிகித மானியம் உண்டு. தொழில் முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மேல்ஜாதி முதலாளிக்குப் பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு அவனிடமே சம்பளம் வாங்கினால் கடன் உங்கள் தலையில் விழும். இலாபம் அவன் பெட்டியில் விழும்.

கடைசியாக ஒரு சங்கதி. பெண்களுக்குச் சலுகை கிடைக்கிறதென்று மனைவியின் பெயரில் தொழிலைப் பதிவு செய்கிறவர்கள் இந்தப் பேட்டையில் பலர் இருக்கிறார்கள். செய்யுங்கள். ஆனால் அந்த அம்மாளைக் கேட்டால் பாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்றே தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. முதலாளி என்று சர்க்கார் கணக்கில் எழுதியபின், செக்குப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இங்கு வந்திருக்கிற பெண் தோழர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் அவ்விரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம்.